ஸ்கேன் இருந்த ஊர்

2015-ல் என் கணவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த சில மாதங்களில் அவருடைய பதிவு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. முதுகுத்தண்டின் அடியில் எல்5–எஸ்1 டிஸ்க் விலகி நரம்பை அழுத்துகிறது, ஊனம் 20 சதவீதம், அது ஆயுள் முழுக்க இருக்கும் என்று அந்தக் கடிதமே ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த நோய் ராணுவப் பணியால் வந்ததும் அல்ல, ராணுவப் பணியால் அதிகமானதும் அல்ல. ஆகவே ஊன ஓய்வூதியம் கிடையாது என்று முடித்திருந்தார்கள். காரணமாக ஒரே ஒரு வரி. நோய் தொடங்கிய இடம் பீஸ் ஸ்டேஷன்.

பட்டாளத்துக் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எல்லையிலும் பனிமலையிலும் இருந்தால் ஃபீல்டு. குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு குவார்ட்டர்ஸில் தங்கக்கூடிய ஊர் என்றால் பீஸ். எங்கள் வேலூர் மாவட்டத்தில் இதெல்லாம் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர் உண்டு. வீட்டுக்கு வீடு ஒருவர் பட்டாளத்தில் இருந்திருப்பார். என் அப்பாவும் பட்டாளம்தான். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்து, பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் எனக்கே அந்தக் கடிதத்தோடு கதை முடிந்தது என்றுதான் முதலில் தோன்றியது. அதில் இருந்த முத்திரையும் கையெழுத்தும் அப்படி.

இவர் 1991-ல் பத்தொன்பது வயதில் சேர்ந்தவர். எம்.டி. டிரைவர். ஓட்டியது ராணுவ லாரிகள். 24 வருடப் பணியில் பெரும்பகுதி காஷ்மீரிலும் லடாக்கிலும் போயிற்று. ஸ்ரீநகரிலிருந்து லே போகும் சாலையில் சோஜிலா கணவாய் 3,528 மீட்டர் உயரம். அதைத் தாண்டிப் போனால் ஃபோட்டு லா 4,108 மீட்டர். குளிர்காலத்தில் சோஜிலா மூடிவிடும். அதற்குமுன் லடாக்கில் இருக்கும் பட்டாளம் முழுவதற்கும் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், குண்டு எல்லாம் மேலே போய்ச் சேர்ந்தாக வேண்டும். கோடை முழுக்க கான்வாய் கான்வாயாக வண்டி ஏறும், இறங்கும். சாலை என்று சொல்லப்படுவதில் பாதி அந்த நாளில் கல்லும் உருகிய பனித் தண்ணீரும்தான். சீட்டுக்கு அடியிலிருந்து அடி அடியாக மேலே வரும் அதிர்ச்சி நேராக இடுப்பில் இறங்கும் என்பார். ஓட்டுவது மட்டுமா? சக்கரம் பஞ்சரானால் ஸ்பேரைத் தூக்கி மாட்ட வேண்டும். பனி விழுந்தால் டயருக்குச் சங்கிலி கட்ட வேண்டும். இருபது லிட்டர் ஜெர்ரிகேனை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். 1999-ல் கார்கில் சண்டை நடந்தபோது திராஸ் பக்கம் இரவில் விளக்கைப் போடாமல் ஓட்டினார்கள். விளக்கைப் பார்த்தால் மேலே உட்கார்ந்திருப்பவன் குண்டு வீசுவான். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. மூத்த மகள் வயிற்றில் இருந்தாள்.

அந்த வருடங்களிலேயே இடுப்பு வலி இருந்தது. விடுமுறையில் வரும்போது தரையில் பாயை விரித்து, முழங்காலுக்குக் கீழே தலையணையை வைத்துக்கொண்டு படுப்பார். என்னங்க, அங்கே டாக்டரிடம் காட்டலாமில்ல என்று கேட்டால், "காட்டினா கேட்டகரி போட்டுடுவாங்கம்மா" என்பார். கேட்டகரி என்றால் மருத்துவத் தரத்தைக் குறைப்பது. அது விழுந்தால் பதவி உயர்வு நின்றுபோகும். நாயக்காக இருப்பவன் ஹவில்தார் ஆக வேண்டுமென்றால் உடம்பு முதல் தரத்தில் இருக்க வேண்டும். அது மட்டுமல்ல. கான்வாய் கிளம்பும் நாளில் ஒருவன் படுத்துவிட்டால் அவன் வண்டியை இன்னொருவன் ஓட்டியாக வேண்டும். அவனுக்கும் இடுப்பு உண்டு. எம்.ஐ. ரூம் என்னும் யூனிட் மருத்துவ அறையில் கொடுத்த வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓட்டினார். எல்லோரும் அப்படித்தான் ஓட்டினார்கள்.

2008-ல் சமவெளியில் ஓர் ஊருக்குப் போஸ்டிங் வந்தது. நாங்களும் கூடப் போனோம். அங்கே ஒரு காலை பி.டி. முடிந்து குனிந்தவரால் நிமிர முடியவில்லை. நான்கு பேர் தூக்கிக்கொண்டுபோய் ராணுவ மருத்துவமனையில் சேர்த்தார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். டிஸ்க் விலகி இடது பக்க நரம்பை அழுத்துவது படத்தில் தெரிந்தது. பீஸ் ஸ்டேஷன் என்று தாளில் ஏறியது அன்றைக்குத்தான்.

இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன், சண்டை போடும் அளவுக்குச் சொல்கிறேன். தாளில் "நோய் தொடங்கிய இடம்" என்று எழுதியிருப்பது நோய் தொடங்கிய இடம் அல்ல. ஸ்கேன் இருந்த இடம். பதினான்காயிரம் அடி உயரத்தில் ஒரு டிரைவருக்கு யார் எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகிறார்கள்? மலையில் தேய்ந்த டிஸ்க் சமவெளியில்தான் படம் பிடிக்கப்படும். குண்டு பாய்ந்த காயத்துக்குத் தேதியும் இடமும் உண்டு. முதுகுக்கு அப்படி ஒன்று கிடையாது. வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. அந்த நோயைப் பிடித்து நிறுத்தி, நீ எந்த ஊரில் பிறந்தாய் என்று கேட்பது அநியாயம்.

ஓய்வு பெறும்போது உட்கார்ந்த மருத்துவ வாரியத்தின் அறிக்கை எங்கள் கையில் இருந்தது. முதல் மேல்முறையீடு எழுத உட்கார்ந்தபோதுதான் அதை வரி வரியாகப் படித்தேன். வேலைக்குச் சேருமுன் இந்த நோய் இருந்ததா என்று ஒரு கேள்வி. இல்லை என்று பதில். இவருடைய கவனக்குறைவாலோ தவறான நடத்தையாலோ வந்ததா? இல்லை. பணியால் ஏற்பட்டதா? இல்லை. பணியால் அதிகமானதா? இல்லை. அதே அறிக்கையின் முதல் பகுதியில் இவர் வேலை பார்த்த இடங்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஃபீல்டா பீஸா என்ற குறிப்போடு. ஃபீல்டு, ஃபீல்டு, பீஸ், ஃபீல்டு என்று போகிறது அந்தப் பட்டியல். இன்னொரு பக்கத்தில், பணியில் கடுமையான உடல் சிரமம் இருந்ததா என்று யூனிட்டைக் கேட்கும் கேள்வி. அதற்கும் இல்லை என்று டைப் அடித்திருந்தது. சேரும்போது நோய் இல்லை, தன் தவறால் வரவில்லை, பணியாலும் வரவில்லை என்றால் பின் எங்கிருந்துதான் வந்தது? நான் அந்தத் தாளை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு மாணவி இப்படி விடை எழுதினால் நான் மதிப்பெண் போட மாட்டேன்.

முதல் மேல்முறையீட்டை ஆறு மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பினோம். பழைய கடிதத்தின் அதே வாசகங்களோடு பதில் வந்தது. அடுத்தது இரண்டாவது மேல்முறையீடு.

அதற்கு நான் எழுதியதைப் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டும். இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை.

மேலே இருப்பவர்களுக்கு இவருடைய வலி புரியவில்லை, புரிய வைத்தால் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். இடுப்பு வலி வெளியே தெரியாது. கை கால் இருக்கிறது, ஆள் நிமிர்ந்து நிற்கிறார், மீசையும் முறுக்கியபடிதான் இருக்கிறது. பார்க்கிறவர்கள் என்ன குறை என்றுதான் கேட்பார்கள். எனவே எல்லாவற்றையும் எழுதினேன். நடக்கும்போது இடது கால் செருப்பு கழன்று விழுந்துவிடும், அவருக்குத் தெரியாது. பத்தடி போனபிறகு யாராவது சொன்னால்தான் உண்டு. ஒருநாள் நான் கஞ்சி வடிக்கும்போது கொதிக்கும் கஞ்சி அவர் இடது பாதத்தின் வெளிப்புறம், சுண்டுவிரலை ஒட்டித் தெறித்தது. அவர் பேசிக்கொண்டே இருந்தார். சாயங்காலம் தோல் உரிந்து தொங்கியபோதுதான் பார்த்தோம். அந்த இடத்துக்குப் போகும் நரம்பைத்தான் எஸ்1 என்கிறார்கள். குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாரில் டாக்டர் சுத்தியலால் தட்டினால் வலது பாதம் துள்ளும். இடது பாதம் அப்படியே கிடக்கும். அதையும் எழுதினேன்.

அதோடு நிறுத்தவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் தரையில் உட்கார முடியாது என்று எழுதினேன். கழிப்பறையை மாற்றிக் கட்டினோம் என்று எழுதினேன். இரவில் சிறுநீர் அடக்க முடியாமல் போகும் நாட்களைப் பற்றி எழுதினேன். கணவன் மனைவியாக எங்களுக்குள் என்ன மாறிப்போயிற்று என்பதையும் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதியதால்தான் முடிந்தது. தமிழில் அந்த வாக்கியங்கள் எனக்கு வந்திருக்காது. எழுதி முடித்ததை அவரிடம் நீட்டினேன். அவருக்கு ஆங்கிலம் நிதானமாகத்தான் படிக்க வரும். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். வாசல் வேப்பமரத்தடியில் வெகுநேரம் நின்றார். பிறகு வந்து, ஒன்றும் சொல்லாமல், பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

எனக்கு அப்போது அவர்மேல் பொங்கிய பிரியத்தையும், யாரென்றே தெரியாதவர்கள்மேல் வந்த கோபத்தையும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஒரு மனிதனின் மானத்தை நான்காக மடித்துப் பதிவுத் தபாலில் அனுப்புகிறோம் என்றே இருந்தது.

இரண்டாவது மேல்முறையீடும் தள்ளுபடியானது. நான் எழுதியதில் ஒரு வரிக்குக்கூட அதில் பதில் இல்லை. பீஸ் ஸ்டேஷன், பணிக்குத் தொடர்பில்லை. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் ராணுவத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று தெரிந்தது. 2007-ல் சட்டம் போட்டு, 2009-லிருந்து நடக்கிறது. சென்னையிலும் அதற்கு ஒரு கிளை உண்டு. நீதிபதியாக இருந்த ஒருவரும், முப்படைகளில் உயர்ந்த பதவி வகித்து ஓய்வு பெற்ற ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்து விசாரிப்பார்கள். தெரிந்தவர் மூலமாக ஒரு வக்கீலைப் பார்க்கப் போனோம். வேலூரிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் இவர் பாதி தூரம் நின்றுகொண்டேதான் வந்தார். உட்கார்ந்தால் கால் முழுக்க மின்சாரம் பாய்வதுபோல் இழுக்கும். வக்கீல் வயதானவர். ஆவணக் கட்டை வாங்கிப் புரட்டினார். நான் எழுதிய பக்கங்கள் வந்ததும் இரண்டு வரி படித்தார், மூடிவிட்டார். தனியாக எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இது வேண்டாம்மா. இதையெல்லாம் நீங்க எழுதியிருக்கவே வேண்டியதில்ல. நிரூபிக்க வேண்டியது நீங்க இல்ல, அவங்க."

ஓய்வூதிய உரிமைக்கென்று விதிகள் இருக்கின்றன. 1982-ல் போட்டது, அதன் பிறகு 2008-ல் போட்டது. 2008 விதிகளில் ஏழாவது விதி, கேட்பவரைப் பார்த்து உன் உரிமையை நிரூபி என்று சாதாரணமாகச் சொல்லக் கூடாது என்கிறது. 1982 விதிகள் இன்னும் தெளிவு: சேரும்போது எடுத்த மருத்துவப் பரிசோதனையில் ஒரு நோயும் குறிக்கப்படவில்லை என்றால் அந்த ஆள் நல்ல உடம்போடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும், பின்னால் உடம்பு கெட்டால் பணியால் கெட்டது என்று கொள்ள வேண்டும், சந்தேகம் வந்தால் அதன் பலன் சிப்பாய்க்கே போக வேண்டும். 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையெல்லாம் வரிசையாக எடுத்துச் சொல்லியிருக்கிறது. அவர் சிக்னல்ஸ் பிரிவில் இருந்த சிப்பாய். வலிப்பு நோய் என்று வீட்டுக்கு அனுப்பி, 20 சதவீதம் என்று எழுதி, பணிக்குத் தொடர்பில்லை என்றார்கள். பணியால் வரவில்லை என்று மருத்துவ வாரியம் சொல்வதானால் அதற்குக் காரணம் எழுத வேண்டும் என்றது நீதிமன்றம். 2025-லும் காரணம் எழுதாத வாரிய முடிவை ஏற்க முடியாது என்று அதே நீதிமன்றம் மறுபடி சொல்லியிருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அரசுத் தரப்புக்கும் ஒரு வாதம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். சேரும்போது எடுக்கும் பரிசோதனை மேலோட்டமானது, உள்ளே மறைந்திருக்கும் நோயை அது கண்டுபிடிக்காது என்று 2008 விதிகளே சொல்கின்றன. பிறவியிலேயே உள்ள சில நோய்களுக்கு அது பொருந்தலாம். பத்தொன்பது வயதில் ஓடி, கயிறு ஏறி, பயிற்சி முடித்து, பதினாறு வருடம் மலையில் வண்டி ஓட்டியவனின் டிஸ்க்குக்கு அது எப்படிப் பொருந்தும்?

வக்கீல் அறையிலிருந்து கீழே இறங்கியபோது நான் அழுதேன். தோற்றதற்காக அழவில்லை. நாங்கள் காட்டவே தேவையில்லாததைக் காட்டியிருக்கிறோம், காட்ட வேண்டியது இன்னொரு பக்கத்தார் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது, அதை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. நிராகரிப்புக் கடிதத்தில் மேல்முறையீடு செய்யலாம் என்று ஒரு வரி இருந்தது. ஏழாவது விதி என்ன சொல்கிறது என்று அதில் ஏன் போடவில்லை? அந்த விதி யாருக்காக இருக்கிறதோ அவர்களிடம் போய்ச் சேராமல் அது எதற்கு? அந்தக் கடைசிப் பக்கம் இன்றும் ஏதோ ஓர் அலுவலகத்துக் கோப்பில் இருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

2018-ல் மனு போட்டோம். அடுத்த வருடம் தீர்ப்பு வந்தது. விசாரணை நாளில் நானும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் முறை வந்தபோது நடந்தது சில நிமிடங்கள்தான். இத்தனை வருடம் நான் கற்பனை செய்து வைத்திருந்த பெரிய வாதம் ஒன்றும் நடக்கவில்லை. வக்கீல் இரண்டு தாள்களைக் காட்டினார். ஒன்று, 1991-ல் இவர் சேர்ந்தபோது எடுத்த மருத்துவக் குறிப்பு. இன்னொன்று, போஸ்டிங் பட்டியல். ராணுவ அதிகாரியாக இருந்த உறுப்பினர் அந்தப் பட்டியலில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு வந்தார். அந்தச் சாலையை அவரும் பார்த்திருப்பார் என்று எனக்குப் பட்டது. வலி எப்படி, செருப்பு எப்படி, இரவு எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை.

உத்தரவு எங்களுக்குச் சாதகமாக வந்தது. இங்கே இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாதது. ஊன ஓய்வூதியத்தில் 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்று கணக்கு. 20 சதவீதத்துக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது சம்பளத்தில் 6 சதவீதம்தான் வரும். ஆனால் 50-க்குக் கீழே இருந்தால் 50 ஆகவும், 50 முதல் 75 வரை இருந்தால் 75 ஆகவும், அதையும் தாண்டினால் 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிட வேண்டும் என்று ஓர் ஏற்பாடு 1996-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. பணிக்காலம் முடியுமுன் உடம்பு காரணமாக அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் அது என்று அரசு சொல்லிக்கொண்டிருந்தது. பணிக்காலம் முடித்து ஊனத்தோடு வந்தவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. இவருடைய 20 அப்படி 50 ஆயிற்று. 6 சதவீதம் 15 சதவீதமாயிற்று. அகவிலைப்படி தனி. கைக்குப் பணம் வந்து சேர மறுபடி எழுதி, மறுபடி நினைவூட்டி, அதற்குள் அடுத்த வருடமும் வந்துவிட்டது.

பணம் வந்தபிறகும் இவருக்கு ஒரு சங்கடம் இருந்தது. கார்கிலில் காலை இழந்தவர்கள் இருக்கிறார்கள், நான் இடுப்பு வலிக்குப் பணம் வாங்குகிறேனே என்பார். ஊரிலும் சிலர் அப்படிப் பேசினார்கள். ஊன ஓய்வூதியத்தைப் பொய் சொல்லி வாங்குகிறார்கள் என்று பேச்சு கிளம்பும்போதெல்லாம் இவர் முகம் சுருங்கிவிடும். பொய் சொல்கிறவர்கள் இருக்கலாம், அவர்களைப் பிடிக்கட்டும். ஆனால் இருபது சதவீதம் என்று எழுதியது இவர் அல்ல, அவர்களுடைய டாக்டர்கள். காலை இழந்தவருக்குக் கொடுப்பதைக் குறைத்து இவருக்குக் கொடுக்கவில்லை. ஆளை முழுசாக வாங்கிக்கொண்டு போனவர்கள் கெட்டுப்போன பாகத்துக்குக் கணக்குச் சொல்கிறார்கள். இதில் கூச்சப்பட இவர் பக்கம் ஒன்றுமில்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் ஓய்ந்துபோயிருக்கிறது. இப்போது கொஞ்சம் கேட்கிறார்.

விஷயம் வெளியே தெரிந்ததும் வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் பெண்கள். புடவைக்குள் மறைத்து ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவருவார்கள். உள்ளே டிரங்குப் பெட்டியின் வாசனையோடு அதே கடிதம். பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் கொண்டுவந்த கடிதத்தில் 2009-ம் வருடத் தேதி இருந்தது. அவர் வீட்டுக்காரருக்கு இடுப்பு நரம்பு அழுந்தி, வலது பாதத்தை மேலே தூக்கவே வராது. நடந்தால் விரல் தரையில் இழுபடும். ஒரு ஏ.டி.எம். வாசலில் காவலுக்கு நிற்கிறார், இரவு முழுக்க. கடிதத்தைப் படித்துச் சொல்ல ஆள் இல்லாமல் அது பெட்டிக்குள்ளேயே கிடந்திருக்கிறது. அக்கா அதை என்னிடம் கொண்டுவந்தபோது ஒரு கெடுதல் ஏற்கெனவே நடந்திருந்தது, இன்னொன்று நடக்கவிருந்தது. ஒன்று, தாமதமாகக் கேட்டால் மனு போட்ட நாளுக்குமுன் மூன்று வருட நிலுவைதான் கிடைக்கும்; 2008-ல் தர்சேம் சிங் வழக்கில் வந்த தீர்ப்பு அது. உரிமை போகாது, இடையில் போன வருடங்களின் பணம் போய்விடும். இன்னொன்று அதைவிட மோசம். நான் சொன்ன ஏழாவது விதியிலேயே ஒரு வாசல் மூடுகிறது: பணியிலிருந்து வந்து பதினைந்து வருடத்துக்குப் பிறகு கேட்டால், அதற்குள் பழைய ஆவணங்களை அழித்திருப்பார்கள் என்பதால், நிரூபிக்கும் பாரம் கேட்பவர் தலையில் விழும். அக்கா வீட்டில் அந்தப் பதினைந்து வருடம் முடியச் சில மாதங்கள்தான் இருந்தன. அன்றைக்கே உட்கார்ந்து எழுதினோம்.

என்னிடம் வருகிறவர்களிடம் நான் வலியைப் பற்றிக் கேட்பதில்லை. டிஸ்சார்ஜ் புக் இருக்கிறதா, ஓய்வூதிய ஆணை இருக்கிறதா, கடைசி மருத்துவ வாரிய அறிக்கை முழுசாக இருக்கிறதா, நிராகரிப்புக் கடிதத்தின் உறை இருக்கிறதா என்று கேட்பேன். வாரிய அறிக்கை இல்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்க எழுதிக் கொடுப்பேன். ஒரு பெண் அழுதுகொண்டே வீட்டில் நடப்பதைச் சொல்ல ஆரம்பித்தாள். கேட்டேன், கையைப் பிடித்துக்கொண்டேன், ஆனால் ஒரு வரியும் எழுதவில்லை. சதவீதம் குறைவு என்று மறு பரிசோதனை கேட்டால்தான் அதெல்லாம் வேண்டும், அதுவும் டாக்டரிடம் நேரில் சொன்னால் போதும்.

2023 செப்டம்பர் 21-லிருந்து விதிகள் மறுபடி மாறியிருக்கின்றன. அதற்குப் பின் ஓய்வு பெறுகிறவர்களுக்கு அவை பொருந்தும். அவை வீடுகளில் என்ன செய்யப்போகின்றன என்பது இனி வரும் கடிதங்களில்தான் தெரியும்.

என் அண்ணன் மகன் அக்னிவீரனாகப் போயிருக்கிறான். நான்கு வருடம். ஓய்வூதியம் இல்லை. ஊனம் ஏற்பட்டால் 100 சதவீதத்துக்கு 44 லட்சம், 75-க்கு 25 லட்சம், 50-க்கு 15 லட்சம் என்று ஒரே தடவை கொடுப்பார்கள், அதுவும் அந்த ஊனம் பணியால் வந்தது அல்லது பணியால் அதிகமானது என்று ஒப்புக்கொண்டால். அதே கேள்விதான் அவனுக்கும் காத்திருக்கிறது. சென்ற விடுமுறையில் வந்தவன் நாற்காலியிலிருந்து எழும்போது கையை ஊன்றியதைப் பார்த்துவிட்டேன். இடுப்பா என்றேன். ஒன்றுமில்லை அத்தை என்றான். எம்.ஐ. ரூமில் காட்டினாயா என்றேன்.

"காட்டினா அவ்ளோதான் அத்தை. கடைசில நூறு பேர்ல இருபத்தஞ்சு பேரைத்தான் வெச்சிக்குவாங்க. முதுகு வலின்னு எழுதினவன வெப்பாங்களா?"

அவன் மாமா பக்கத்தில்தான் இருந்தார். அவருக்கு அவன் பயம் நன்றாகத் தெரியும். அவர் ஹவில்தார் ஆவதற்கு அந்தப் பயத்தோடுதான் அத்தனை வருடம் வண்டி ஓட்டினார். சொல்லாவிட்டால் சாட்சி இல்லை, சொன்னால் வேலை இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பிள்ளையை நிறுத்திவிட்டு, பிறகு உன் நோய் எங்கே தொடங்கியது என்று கேட்கப் போகிறார்கள். மருத்துவக் குறிப்பு எழுதினால் பதவி போகாது என்ற உறுதி சிப்பாய்க்கு இல்லாதவரை, மருத்துவக் குறிப்பு எங்கே என்று அவனைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. இதை நான் எழுதித்தான் அனுப்பப் போகிறேன், பாதுகாப்பு அமைச்சகத்துக்கும் எங்கள் எம்.பி.க்கும்.

அவனிடம் மட்டும் இவர் வேறு மாதிரி பேசினார். "தம்பி, ஹவில்தார் ஆனா சம்பளம் கொஞ்சம் ஏறும். கால் மரத்துப்போனா திரும்ப வராது. போய்க் காட்டு" என்றார். காட்டுகிறேன் மாமா என்று சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறினான். காட்டினானா என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் கேட்கிறேன். இன்னும் இல்லை என்கிறான்.